கைக்கு அடங்கிய முத்து

(தூத்துக்குடியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறி, முத்துநகரில் இறங்கி, முத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் எனக்கு ஒரு தைரியம் உண்டு. இந்தக் கடலின் முத்துச்சிப்பிப் பார்களில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் பிறந்தவர்கள், தூத்துக்குடிக்காரர்களே ஆனாலும், என்னைப் போலக் கடையில் முத்து வாங்கியவர்கள்தான். பழைய முத்துத் துறைமுகமான கொற்கையின் பெருமையைப் பேச இந்த ஊரில் என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மோதிரம் வடிவமைக்கிறவள். எனக்குத் தெரிந்தது விரலும் அதில் உட்கார வேண்டிய முத்தும்தான். அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: முத்து மோதிரத்தைத் தினமும் போடலாமா? இதற்கு நகைக்கடைகளில் இரண்டு பதில் உண்டு. வாங்கும்போது, "தாராளமாப் போடலாம் மேடம்." ஒளி மங்கித் திரும்பக் கொண்டுபோனால், "ஐயோ, தினமுமா போட்டீங்க?" என் பதில், போடலாம். ஆனால் அந்த மோதிரம் கைக்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். இன்னொன்று, முத்து தேயும் பொருள், ஒரு நாள் மாற்றவேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொண்டு செய்திருக்க வேண்டும். நம் கடைகளில் தொங்குகிற முத்து மோதிரங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் நினைத்துப் பார்க்காமல் செய்தவை. தோட்டில் இருந்த முத்தைக் கழற்றி ஒரு வளையத்தின் மேல் ஒட்டிவைத்த மாதிரி இருக்கின்றன.

காதில் தொங்கும் முத்து எதிலும் இடிபடாது. கழுத்து முத்துக்கு வியர்வைதான் எதிரி. கை அப்படியா? கதவு திறக்கிறது, பேருந்துக் கம்பியைப் பிடிக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது. அதிலும் நம் வீட்டுக் கை புளி கரைக்கும், எலுமிச்சை பிழியும், மோர் கடையும். முத்து என்பது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறோமே, அடிப்படையில் அதே சரக்கு. நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் அதுதான். மீதி ஒருவகைப் புரதமும் கொஞ்சம் ஈரப்பசையும். ஒரு மைக்ரான்கூட கனமில்லாத தகடுகள் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால்தான் ஒளி உள்ளே போய் உடைந்து அந்த நிறம் காட்டுகிறது. அந்த அடுக்கைப் புளிப்பு அரிக்கும். கிளியோபாத்ரா முத்தைக் காடியில் கரைத்துக் குடித்தாள் என்று ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்திருக்கிறார். முழு முத்து ஒரு விருந்து முடிவதற்குள் கரைந்துவிடாது. ஆனால் மோதிர முத்தைக் கெடுக்க முழுதும் கரைய வேண்டியதில்லை. மேல் அடுக்கு சொரசொரத்தாலே போதும், ஒளி போய்விடும்.

கீறல் இன்னொரு தொல்லை. மோஸ் என்கிற கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, மாணிக்கம் 9. முத்து இரண்டரைக்கும் நாலரைக்கும் நடுவில். மேசையில் படியும் தூசியில் மணல் கலந்திருக்கிறது, அதன் அளவு 7. ஆக, தூசி படிந்த முத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாலே அது கீறும். பாத்திரம் தேய்க்கும் பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, எந்த முத்தை வாங்குவது?

மாலைக்கு முத்துத் தேடும் கண் வேறு, மோதிரத்துக்குத் தேடும் கண் வேறு. மாலைக்கு ஐம்பது அறுபது முத்துகள் ஒரே நிறத்தில், ஒரே அளவில், எந்தப் பக்கம் உருண்டாலும் மாசில்லாமல் கிடைக்க வேண்டும். விலை ஏறுவது அங்கேதான். மோதிரத்துக்கு ஒரே ஒரு முத்து. அதிலும் மேல்பாதிதான் கண்ணுக்குத் தெரியும். அடிப்பக்கம் ஒரு குழியோ கோடோ இருந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார். அந்தக் குழி இருக்கிற இடத்திலேயே, முத்தை மோதிரத்தில் பிடிக்கும் ஆணிக்குத் துளை போட்டுவிட்டால் குறை துளையோடு போய்விடும். எங்கள் தொழிலில் இது பழைய சூட்சுமம். உருண்டை முத்துக்கு "ஆணிமுத்து" என்று அதிக விலை கொடுப்பது மோதிரத்தைப் பொறுத்தவரை வீண் செலவு என்பேன். ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் சிப்பியிலிருந்து எடுத்துக் காட்டிய முதல் வளர்ப்பு முத்துகள்கூட அரைக்கோளங்கள்தான். விரலுக்கு அதுவே போதும்.

மேல்பாதியில் பார்க்கவேண்டியது ஒளியும் பூச்சின் கனமும். கடைகளில் இப்போது கிடைப்பவை அநேகமாக எல்லாமே வளர்ப்பு முத்துகள். அவற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில், சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியை உயிருள்ள சிப்பிக்குள் வைப்பார்கள், அதன் மேல் சிப்பி முத்துப்பூச்சு பூசும். ஜப்பானிய அக்கோயா இந்த ரகம். நம் மன்னார் வளைகுடாச் சிப்பிக்கு நெருங்கிய உறவு அது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் 1973இல் இதே தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். பிறகு அது இங்கே பெரிய தொழிலாக வளரவில்லை என்பது தனிக் கதை. அக்கோயாவின் ஒளிக்கு ஈடு குறைவு. ஆனால் அதன் பூச்சு மெல்லியது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாதவை சந்தையில் ஏராளம். தினமும் உரசுகிற விரலில் அந்தப் பூச்சு தேய்ந்தால் உள்ளே இருக்கும் மணி எட்டிப் பார்க்கும்.

இன்னொரு ரகம் சீனாவிலிருந்து வரும் நன்னீர் முத்து. இதில் பெரும்பாலும் மணி வைப்பதில்லை, இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கை மட்டும் வைக்கிறார்கள். அதனால் விளைகிற முத்து ஓரத்திலிருந்து நடுவரை முழுக்க முத்துப்பூச்சு. எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளே இருப்பதும் முத்துதான். விலையும் மலிவு. "சைனா முத்தா?" என்று முகம் சுளிக்கிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். தினசரி மோதிரத்துக்கு என் முதல் தேர்வு அதுதான். அதிலும் அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் குவிந்தும் இருக்கும் பொத்தான் வடிவ முத்து. மாலைக்காரர்கள் அதை ஒதுக்குவார்கள். மோதிரத்துக்கு அது அமிர்தம், ஏனென்று உயரத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

தாஹித்தியின் கருமுத்து, ஆஸ்திரேலியா, இந்தோனேசியாப் பக்கத்து தென்கடல் முத்து இவற்றிலும் மணி உண்டு, ஆனால் பூச்சு கனம். தாஹித்தியில் ஏற்றுமதிக்குக் குறைந்தது 0.8 மி.மீ. பூச்சு இருக்க வேண்டும் என்று விதியே இருந்தது. சிக்கல் அளவில். எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே இவை கிடைப்பது அரிது. கல்யாணத்துக்குப் போடலாம், கணினி முன்னால் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஒத்துவராது. மாபே என்று ஓர் அரைமுத்து உண்டு. சிப்பி ஓட்டோடு ஒட்டி வளர்ந்த கொப்புளத்தை வெட்டி எடுத்து, உள்ளே பிசின் நிரப்பி, அடியில் சிப்பித் தகடு ஒட்டி விற்பார்கள். பார்க்கப் பெரிதாக, தட்டையாக, விலை மலிவாக இருக்கும். ஒட்டு விட்டுப் போகும். கை கழுவுகிறவர்கள் அதை வாங்காதீர்கள்.

கடையில் சோதிப்பது எப்படி என்று கேட்பீர்கள். நகைக்கடை விளக்குகள் எந்தப் பொருளையும் ராஜாவாக்கும். முத்தை வெள்ளைக் காகிதத்தில் வைத்து வாசல் பக்கம் கொண்டுபோங்கள். மேலே இருக்கிற குழல்விளக்கின் பிம்பம் முத்தில் விழும். அதன் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் தெளிவாக இருந்தால் நல்ல ஒளி. பால் கொட்டியது போல் கலங்கியிருந்தால், எந்த நாட்டு முத்தானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு காகிதத்தின் மேல் மெதுவாக உருட்டுங்கள். மெல்லிய பூச்சாக இருந்தால் உள்மணியின் கோடுகள் ஒரு திருப்பத்தில் கண் சிமிட்டுவது போல் தெரிந்து மறையும். துளை போட்ட முத்தாக இருந்தால் லென்ஸ் வைத்துத் துளையின் வாயைப் பாருங்கள். பூச்சும் மணியும் சேருமிடம் ஒரு வளையமாகத் தெரியும். கனத்தை அங்கேயே கண்ணால் அளக்கலாம். கண்ணாடி மணிக்குச் சாயம் பூசிய போலி என்றால் துளை வாயில் சாயம் உரிந்து கிடக்கும். பல்லில் தேய்த்துப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. அசல் நறநறக்கும், போலி வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் தேய்த்தார்களோ!

அளவு விஷயத்தில் கணக்கு முக்கியம். முத்தைக் காரட் எடையில் சொல்லும்போது நமக்குக் கண்ணுக்குள் உருவம் வருவதில்லை. 6 மி.மீ. உருண்டை முத்து ஏறக்குறைய ஒன்றரை காரட். 8 மி.மீ. முத்து மூன்றரை காரட்டுக்கு மேல். விட்டம் இரண்டு மில்லிமீட்டர் கூடினால் எடை இரட்டிப்பையும் தாண்டுகிறது. எடைக்கு விலை என்றால் பையும் காலியாகும். நம் பெண்கள் பலருக்கு மோதிர விரலின் குறுக்களவு 16, 17 மி.மீ. இருக்கும். அதில் 8 மி.மீ. முத்து என்றால் பாதி விரல். தினசரிக்கு 5 முதல் 7 வரை போதும். அதற்கு மேல் போனால் கையுறைக்குள் நுழையாது, ஜீன்ஸ் பைக்குள்ளும் நுழையாது.

இனி கட்டுமானம். மோதிரத்தின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

வைரத்தைப் பிடிப்பது போல நாலு நகம் வைத்து முத்தைப் பிடிக்கக் கூடாது. நகம் முத்தைக் கீறும், தளர்ந்தால் இன்னும் கீறும். சரியான முறை கிண்ணியும் ஆணியும். எங்கள் பட்டறையில் பத்தர் செய்வதைச் சொல்கிறேன். முத்தைத் துணி சுற்றிய இடுக்கியில் பிடித்து, குறையுள்ள இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பார். மில்லிமீட்டருக்கும் குறைவான நுனியுள்ள துளைக்கம்பியை மெதுவாக ஓட்டுவார். கொஞ்சம் இறங்கியதும் வெளியே எடுத்துத் தூளை ஊதுவார், மறுபடி இறக்குவார். அவசரப்பட்டால் சூடேறிப் பூச்சு விண்டுவிடும். முத்தின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்திவிடுவார். ஆணிக்கு உருண்டைக் கம்பி எடுக்க மாட்டார். சதுரக் கம்பியை முறுக்கி எடுப்பார். முறுக்கின் பள்ளங்களில் பசை இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மோதிரத்தின் மேல் ஆணியைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணி. அதன் வளைவு முத்தின் அடி வளைவோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இடைவெளியில் சோப்பும் எண்ணெயும் தேங்கி, பசை இளகி, முத்து ஆட ஆரம்பிக்கும். முன்பு அரக்கு, இப்போது எபாக்சி. பசை ஒரு துளிதான். ஆணிதான் சுமை தாங்க வேண்டும். மோதிரம் விலைக்கு வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஆணி இருக்கிறதா, வெறும் பசைதானா? கிண்ணி முத்தின் அளவுக்குச் செய்ததா? விழித்தாரானால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்தது உயரம். 7 மி.மீ. உருண்டை முத்தை வளையத்தின் தலையில் வைத்தால் விரலுக்கு மேல் எட்டு மில்லிமீட்டர் எழுந்து நிற்கும். எங்கே இடித்தாலும் முதல் அடி முத்துக்குத்தான். அதே அகலமுள்ள பொத்தான் முத்து ஐந்து மில்லிமீட்டரில் அடங்கிவிடும். அதையும் தலையில் வைக்காமல், வளையத்தின் இரு முனைகளையும் நடுவில் பிரித்து, முத்தை அந்த இடைவெளிக்குள் இறக்கி உட்காரவைத்தால் இன்னும் தாழும். இரண்டு பக்கமும் தோள் போல எழும் தங்கம் மேசை விளிம்பின் அடியை வாங்கிக்கொள்ளும். வடிவமைப்பு என்றால் பூவும் இலையும் போடுவது என்று நினைக்கிறார்கள். முத்து மோதிரத்தில் வடிவமைப்பு என்பது அடி எங்கே விழும் என்று யோசிப்பது. பூவும் இலையும் போடுவதானாலும் அவற்றை முத்தின் தோளுயரத்துக்குக் காவலாக நிறுத்துங்கள்.

ஒரே பெரிய முத்துக்குப் பதில் சின்ன முத்துகளை வரிசையாகப் பதிக்கிற வழியும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விக்டோரியா காலத்து மோதிரங்களில், முத்தைப் பாதியாக அறுத்து, தட்டைப் பக்கம் கீழே வைத்து, தங்கத்துக்குள்ளேயே புதைத்துக் கட்டினார்கள். சுற்றிலும் தங்க மணிகள் காவல். ஒரு நூற்றாண்டு தாண்டியும் அப்படிப்பட்ட மோதிரங்கள் போடும் நிலையில் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. ஒரு முத்து விழுந்தாலும் அதை மட்டும் மாற்றலாம், மோதிரம் மொட்டையாகாது. நான் சமையலறையில் அதிகம் புழங்குகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

உலோகத்தில் 916 தங்கம் மேல் நமக்கு இருக்கும் பிடிப்பு தெரிந்ததுதான். ஆனால் அந்த 22 காரட் தங்கம் மென்மையானது. மெல்லிய வளையமாகச் செய்தால் நெளியும். வளையம் நெளிந்தால் கிண்ணி கோணும், பசை விடும். 18 காரட் உறுதியானது, அதற்கும் ஹால்மார்க் உண்டு. வெள்ளியில் செய்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த வெள்ளியை விபூதியோ பற்பசையோ போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். முத்து இருக்கும் வெள்ளிக்கு அது கூடாது. வெள்ளியை முக்கி எடுக்கிற திரவங்களில் அமிலம் உண்டு, அதுவும் கூடாது. கடையில் இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றாலும் முத்து மோதிரத்தை நீட்டாதீர்கள்.

இப்போது, நீங்கள் எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தினமும் போடப்படும் முத்து மோதிரங்களில் ஜோதிடர் சொல்லிச் செய்தவை ஏராளம். சந்திரனுக்கு முத்து, வெள்ளியில் கட்டி, திங்கட்கிழமை போட வேண்டும் என்பார்கள். அந்த நம்பிக்கைக்குள் நான் போகவில்லை. சந்திரனுக்கு எது ஏற்கும் என்று எனக்குத் தெரியாது, முத்துக்கு எது ஏற்காது என்று தெரியும். ஜோதிட மோதிரத்தில் முத்துக்குத் துளை போடக் கூடாது என்பார்கள். அடிப்பக்கம் திறந்து, முத்து விரலில் பட வேண்டும் என்பார்கள். துளை இல்லை என்றால் ஆணி இல்லை. சுற்றிலும் விளிம்பு எழுப்பித்தான் பிடிக்க வேண்டும். உருண்டை முத்தைப் பிடிக்க அந்த விளிம்பு முத்தின் இடுப்பைத் தாண்டி மேலே வர வேண்டும், பாதி முத்து மறைந்துவிடும். பொத்தான் முத்து என்றால் தாழ்ந்த விளிம்பே பிடித்துக்கொள்ளும்.

அடிப்பக்கம் திறந்திருப்பதுதான் வினை. வியர்வையில் லேசான புளிப்பு உண்டு. கழுத்தோடு ஒட்டியே பல ஆண்டு கிடந்த பழைய மாலைகளில் முத்துகள் உடல் பட்ட பக்கம் தேய்ந்து பீப்பாய் வடிவத்துக்கு வந்திருப்பதை நகை வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். மோதிரத்தில் வியர்வையோடு சோப்புத் தண்ணீரும் அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். ஆகவே திறப்பைப் பெரிதாக வைக்காமல் ஒரு சின்ன சன்னலாக வைக்கச் சொல்லுங்கள். முத்து விரலைத் தொடும், முழுகாது. இரவில் கழற்றி ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி வையுங்கள். கழற்றக் கூடாது என்று உங்கள் ஜோதிடர் சொல்லியிருந்தால், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முத்தை மாற்றத் தயாராக இருங்கள் என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை.

எந்தக் கையில் என்பதற்கு என் யோசனை, சாப்பிடாத கையில். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் எல்லாவற்றிலும் முதலில் போய் முட்டும். மோதிர விரல் கொஞ்சம் ஒதுங்கியது. சென்ட், சானிடைசர், முடிச்சாயம் எல்லாம் முடிந்த பிறகு மோதிரம். கழற்றும்போது அதுவே முதலில். மஞ்சள் அரைக்கும்போதும் போடாதீர்கள். வியாபாரிகள் முத்துக்குச் சாயம் ஏற்றுவது துளை வழியாகத்தான், மஞ்சளுக்கும் அந்த வழி தெரியும். பெட்டகத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பதும் தப்பு. ஈரப்பசை முழுக்க வற்றினால் முத்தில் வெடிப்பு விழும்.

கடைசியாக ரசீது. மோதிரத்தை முத்தோடு நிறுத்துவார்கள். முத்தின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலையும் சேதாரமும் போட வேண்டும். மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை மூன்றும் ரசீதில் தனித்தனியாக வரட்டும். திரும்ப விற்கப் போனால் முத்துக்குக் காசு வராது, தங்கத்துக்குத்தான். அதனால் செலவு செய்கிற பணத்தைக் கட்டுமானத்தில் போடுங்கள். முத்து மலிவாக இருக்கட்டும். நல்ல கிண்ணியும் ஆணியும் உள்ள மோதிரம் வீட்டில் இருந்தால், பசையை இளக்கிப் பழைய முத்தை எடுத்துவிட்டு, அதே அளவில் புது முத்து வைக்கப் பத்தருக்கு அதிக நேரம் ஆகாது. முத்தின் விட்டத்தையும் ஆணியின் கனத்தையும் ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கி வையுங்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டியில் கிடக்கும் முத்து மோதிரத்தை எடுத்து, முத்தைக் கட்டைவிரலால் லேசாகத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதைப் போடாதீர்கள், நீங்களே கடையில் கிடைக்கிற பசையை ஊற்றவும் வேண்டாம். தெரிந்த பத்தரிடம் கொண்டுபோங்கள்.